குஞ்சோடு நின்ற மீன்

பிடித்தாலும் திரும்ப விட்டுவிடுவேன் என்கிறீர்கள். நல்லது சார். இப்போது எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள். போன மாதம் மதுரையிலிருந்து மூன்று பேர் மோட்டார் சைக்கிளில் வந்தார்கள். பிடிப்போம், போட்டோ எடுப்போம், ஒரு முத்தம் கொடுத்துத் தண்ணீரில் விட்டுவிடுவோம் என்றார்கள். மீனுக்கு முத்தம் கொடுக்கிற காலம் வரும் என்று நான் நினைத்ததில்லை. அவர்களை மேற்கே கோரைப் பக்கம் அனுப்பிவிட்டேன். அங்கே ஒன்றும் கிடையாது. பகல் முழுக்க எறிந்து பார்த்துவிட்டுத் தோள்வலியோடு போனார்கள்.

உங்களையும் அப்படி அனுப்பியிருக்கலாம். ஆனால் நீங்கள் வந்ததும் தூண்டில் உறையைப் பிரிக்காமல் கொஞ்ச நேரம் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றீர்கள். தண்ணீரைப் பார்க்கத் தெரிந்த ஆளிடம் பொய் சொல்ல எனக்கு வரவில்லை. அதனால் உட்காருங்கள். பத்தரை பஸ் போய்விட்டது, அடுத்தது ஒன்றே காலுக்கு. நேரம் கிடக்கிறது.

வேறு எங்கே வேண்டுமானாலும் போடுங்கள் சார். இந்த மடைப் பக்கம் மட்டும் போடாதீர்கள். அதைக் கேட்கத்தான் உட்காரச் சொன்னேன். குளம் என்னுடையது இல்லை, கேட்க எனக்கு உரிமையும் இல்லை. ஏன் என்று சொல்கிறேன். கேட்டபிறகும் போடத்தான் போகிறேன் என்றால் நான் எழுந்து வீட்டுக்குப் போய்விடுகிறேன். பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க என்னால் ஆகாது.

எனக்குப் பட்டமுத்து என்று பெயர். அதோ, புகைக்கூண்டு மட்டும் தெரிகிறதே, அந்த நூல்மில்லில் ஃபிட்டராக இருந்தேன். மில்லை மூடி இருபத்தொரு வருஷம் ஆகிறது. அப்போது ஞாயிற்றுக்கிழமை எங்களுக்கு லீவு. லீவென்றால் மற்றவர்கள் சினிமாவுக்குப் போவார்கள், சீட்டாடுவார்கள். நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர் இந்தக் கருங்குழிக் குளத்துக்கு வந்துவிடுவோம். வயிற்றுப்பாட்டுக்காக இல்லை. மீன் வாங்கித் தின்னும் அளவுக்குச் சம்பளம் வந்துகொண்டிருந்தது. விளையாட்டுதான். ஆறு நாள் இரும்புச் சத்தத்துக்குள் நின்றவனுக்கு ஒரு நாள் தூண்டில் தக்கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று நினைக்கிறீர்கள். காதுக்குள் அந்த இரைச்சல் அடங்கவே மத்தியானம் ஆகிவிடும்.

இந்தக் குளம் வற்றாது. கோடையிலும் நடுப்பள்ளத்தில் ஆள் ஆழம் கிடக்கும். வலைக்காரர்கள் வருவார்கள், கெண்டைக்கு வருவார்கள். விரால் வலைக்குச் சிக்காது, சேற்றுக்குள் புதைந்துவிடும். இதை ஏன் சொல்கிறேன் என்றால், பிற்பாடு நான் வலைக்காரர்கள் மேல் எவ்வளவோ பழி சொல்லியிருக்கிறேன். அவர்கள் இல்லை சார். விராலைத் தொட்டது தூண்டில்தான்.

விரால் எப்படிக் குஞ்சு வளர்க்கும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். தெரியாவிட்டாலும் பரவாயில்லை. ஐப்பசி கார்த்திகையில் குஞ்சு பொரிக்கும். ஆயிரம் குஞ்சு இருக்கும் ஒரு கூட்டத்தில். சிவப்பு. செங்கல் பொடியை உள்ளங்கையில் அள்ளித் தண்ணீர்மேல் தூவினாற்போல இருக்கும். மொத்தமாக மேலே வந்து மூச்சு வாங்கிவிட்டு மொத்தமாக இறங்கும். அந்த இடத்தில் மட்டும் தூறல் விழுகிறாற்போலத் தெரியும். அதற்குக் கீழே, ஒரு முழம் இரண்டு முழத்தில், பெரிய மீன் நிற்கும். நமக்குத் தெரியாது. தவளையோ பாம்போ குஞ்சுப் பக்கம் வந்தால் மட்டும் தெரியும். அடி என்றால் அப்படி ஓர் அடி. பசிக்காக இல்லை. விரட்டுவதற்காக.

நாங்கள் கண்டுபிடித்த வித்தை அதுதான். சாதாரண நாளில் ஒரு விரால் பிடிக்க ஒரு ஞாயிறு முழுக்கப் போய்விடும், அதுவும் நிச்சயமில்லை. குஞ்சோடு நிற்கிற விராலைப் பிடிக்க ஒரு பீடி குடிக்கிற நேரம் போதும். சின்னத் தவளையைத் தொடையில் தூண்டில் முள் கோத்து, குஞ்சுக்கூட்டத்துக்கு நேர் நடுவில் போட்டு, மெதுவாக இழுத்தால் சரி. முதல் தடவை அடிக்காவிட்டால் இரண்டாம் தடவை. மூன்றாம் தடவைக்கு வேலையே இருக்காது. வாய்க்குள் முள் மாட்டியிருக்கிறது, அப்போதும் அது குஞ்சுப் பக்கம்தான் திரும்பும் சார். ஆழத்துக்கு ஓடாது. ஓடினால் கோரைக்குள் சுற்றித் தூண்டில் நரம்பை அறுத்துக்கொண்டு போய்விடலாம். ஓடாது. அதனால்தான் எங்களுக்குச் சுலபம்.

மில்லில் ஒரு சங்கம் வைத்தோம். வருஷம் ஒரு போட்டி. கார்த்திகை முதல் ஞாயிறு. ஏன் கார்த்திகை முதல் ஞாயிறு என்று இப்போது உங்களுக்குப் புரியும். குளம் முழுக்கச் சிவப்பாக மிதக்கிற நாள் அது. எடை கூடிய மீனுக்கு எவர்சில்வர் குடம் பரிசு, மானேஜர் கையால் கொடுப்பார். நான் ஒன்பது குடம் வாங்கியிருக்கிறேன். பிளீச்சிங் பிரிவில் கோமதிநாயகம் என்று ஒருவன், எனக்குப் போட்டி. அவனுக்கு ஆறு. "பட்டமுத்து, உம்ம வீட்ல தண்ணி பிடிக்க ஆள் இல்லவே, குடம் மட்டும் அடுக்கி வச்சிருக்கீரு" என்பான். நான் "உம்ம வீட்டுக்கு ரெண்டு அனுப்பட்டுமா" என்பேன். சிரிப்பும் கும்மாளமும்தான். மீன் துடிக்கும், நாங்கள் தராசைச் சுற்றி நிற்போம். தண்ணீரில் குஞ்சு என்ன ஆனது என்று ஒருவனும் திரும்பிப் பார்த்ததில்லை. பார்க்க வேண்டும் என்று தோன்றவே இல்லை.

ஒரு போட்டி நாளில் என் மகள் சொர்ணத்துக்குக் காய்ச்சல். நாலு வயது. காலையில் உடம்பு சுட்டது, என் பெண்சாதி உலகம்மாள் "இன்னைக்கு மட்டும் போவாண்டாம்" என்றாள். "வெயில் ஏறுனா இறங்கிரும்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அன்றைக்குத்தான் மூன்றே முக்கால் கிலோ. இந்தக் குளத்தில் அதற்கு மேல் யாரும் எடுத்ததில்லை. வீட்டுக்குக் குடத்தோடு போனால் வீடு பூட்டியிருக்கிறது. பிள்ளைக்கு வலிப்பு வந்து, உலகம்மாள் தூக்கிக்கொண்டு ஐந்து மைல் நடந்தே ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறாள். ஒன்றும் ஆகவில்லை, பிழைத்துக்கொண்டது. இப்போது திருப்பூரில் நர்ஸ். வருஷத்துக்கு ஒரு தடவை வரும். இரண்டு நாள் இருக்கும். என்னோடு அவ்வளவாகப் பேசாது. படித்த பிள்ளைகள் அப்படித்தான். அதை விடுங்கள், அது வேறு கதை.

உலகம்மாள் விரால் குழம்பு நன்றாக வைப்பாள். ஆனால் ஒவ்வொரு தடவையும் கேட்பாள். மீனைக் கையில் வாங்கும்போது கேட்பாள்: "குஞ்சோட நின்னதா?"

நான் "இல்ல" என்பேன்.

"நெசமா?"

"கோரைக்குள்ள கிடந்தது. குஞ்சு ஒண்ணும் இல்ல."

அவ்வளவுதான். வாங்கிக்கொண்டு அரிவாள்மணைக்குப் போய்விடுவாள். அவள் வேறு எதையும் கேட்டுப் பிடுங்குகிறவள் இல்லை. முப்பது வருஷத்தில் எத்தனை மீன் கொண்டுபோயிருப்பேன். எத்தனை தடவை கேட்டாளோ அத்தனை தடவையும் இல்லை என்றேன். இதெல்லாம் ஒரு பொய்யா சார். வீட்டில் சமாதானமாகச் சோறு தின்ன எல்லாரும் சொல்கிறதுதானே.

ஆறு வருஷத்துக்கு முன்னால் அவளுக்கு முடியாமல் போயிற்று. நுரையீரல். கடைசி வாரம் பேச்சு குறைந்துவிட்டது. ஒருநாள் மத்தியானம், நான் கஞ்சி ஆற்றிக்கொண்டிருக்கிறேன், கண்ணை மூடியபடியே சொன்னாள்: "நீங்க கொண்டாந்தது எல்லாமே குஞ்சோட நின்ன மீன்தான்."

எனக்குத் தம்ளர் கையில் நின்றுவிட்டது. "யார் சொன்னா?" என்றேன்.

"யார் சொல்லணும். அறுத்தது நான்தான. மத்த மீன் வயித்துல கெண்டை இருக்கும், எறா இருக்கும், தவளைக் கால் இருக்கும். நீங்க கொண்டாந்த மீன் வயித்துல ஒண்ணுமே இருக்காது. வெறும் குடல். குஞ்சைக் காத்துக்கிட்டு நிக்கிறது இரை தேடிப் போவுமா."

"பிறகு ஏன் கேட்ட?"

"ஒரு தடவையாவது ஆமான்னு சொல்லுவீங்களான்னுதான்."

அதற்கப்புறம் அதைப் பற்றிப் பேசவில்லை. நாலாம் நாள் போய்விட்டாள்.

கொஞ்சம் தண்ணீர் குடிக்கிறீர்களா. வேண்டாமா. சரி.

அவள் போனபிறகு வீட்டில் இருக்க முடியவில்லை. இங்கே வந்து உட்கார ஆரம்பித்தேன். தூண்டில் எடுக்கவில்லை, அந்த வருஷம் எடுக்கவில்லை. சும்மா தண்ணீரைப் பார்த்தேன். அப்போதுதான் ஒன்று கண்ணில் பட்டது. குஞ்சுக்கூட்டம் மிதக்கிறது, கொக்கு நடந்து வருகிறது, கொத்துகிறது, தின்கிறது, தண்ணீர் அசையவே இல்லை. முன்பெல்லாம் கொக்கு குஞ்சுப் பக்கம் கால் வைக்காது. ஒரு கொக்கின் காலை விரால் கவ்வி இழுத்ததை நான் பார்த்திருக்கிறேன். இப்போது கொக்கு வருகிறது, சாவகாசமாகத் தின்கிறது, போகிறது. கீழே யாருமே இல்லை. இரண்டாவது கூட்டம், மூன்றாவது கூட்டம், எல்லாம் அப்படியே. காலையில் ஆயிரம் இருந்தால் சாயங்காலம் ஐம்பது இருக்கும். மறுநாள் அதுவும் இருக்காது.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. மறு வருஷம் பழைய தூண்டில் கம்பை எடுத்தேன். தவளையைக் கோத்துக் குஞ்சுக்கு நடுவில் போட்டேன். ஒன்றுமில்லை. பத்துத் தடவை போட்டேன். ஒன்றுமில்லை. ஒரு தடவை மட்டும் கீழேயிருந்து ஒரு சுழி கிளம்பியது, கிளம்பி நேராக நடுக்குளத்துக்குப் போய்விட்டது. குஞ்சை விட்டுவிட்டு ஓடுகிறது சார். விரால் குஞ்சை விட்டுவிட்டு ஓடுகிறது. பார்த்தது நான்தான், இருந்தும் நம்ப முடியவில்லை.

எனக்குக் கோபம். ஊரில் எல்லாரிடமும் சொன்னேன். மீனுக்குக்கூடப் பாசம் அற்றுப்போய்விட்டது, காலம் கெட்டுவிட்டது என்று. வயல் மருந்து தண்ணீரில் கலந்ததால் என்றேன். செல்போன் கோபுரம் என்றேன். வலைக்காரர்களோடு சண்டைக்குப் போனேன். கோமதிநாயகத்திடம் சொன்னேன், அவனுக்கு அப்போதே பாதி கண் தெரியாது. "நம்ம காலத்து மீனு மாதிரி வருமாவே" என்றான். நானும் "வராது" என்றேன். இரண்டு பேரும் டீ குடித்தோம். இரண்டு பேருக்கும் வேறு ஒன்றும் தோன்றவில்லை.

போன வருஷம் கார்த்திகையில், இதே மடைப் பக்கம், ஒரு கூட்டம் மிதந்தது. நாலு நாள் பார்த்தேன், குறையவில்லை. ஐந்தாம் நாள் ஒரு தண்ணீர்ப்பாம்பு வந்தது. கீழேயிருந்து தண்ணீர் வெடித்தது. பாம்பு மடைக்கல்மேல் போய் விழுந்தது. அப்படி ஒரு காவல். நான் எழுந்து நின்றுவிட்டேன். எத்தனை வருஷம் கழித்து. பழைய மீன், பழைய ரத்தம். ஒன்று மிச்சமிருந்திருக்கிறது.

அதைப் பார்த்த மனுஷன் என்ன செய்ய வேண்டும். கும்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போக வேண்டும். நான் வீட்டுக்குப் போனேன், போய்க் கம்பை எடுத்துக்கொண்டு வந்தேன்.

கொல்வதற்கு இல்லை. உங்களைப் போலத்தான், விட்டுவிடலாம் என்றுதான். கையில் ஒரு தடவை பிடித்துப் பார்க்க வேண்டும். அதன் கனம் என்ன, நிறம் என்ன, கண் எப்படி இருக்கிறது. அவ்வளவுதான் ஆசை. முள்ளில் பின்னோக்கி நிற்கிற சின்னக் கொக்கியைக்கூட அரத்தால் தேய்த்துவிட்டேன், காயம் படக்கூடாது என்று. முதல் எறியிலேயே அடித்தது. கரைக்கு இழுத்தேன். இரண்டு கிலோ இருக்கும். ஈரச் சாக்கில் படுக்கவைத்து முள்ளை எடுத்தேன். ரத்தமே இல்லை. வயிற்றைத் தடவிப் பார்த்தேன். ஒட்டிக் கிடந்தது. ஒன்றும் தின்றிருக்கவில்லை.

எவ்வளவு நேரம் வைத்திருந்தேன் என்கிறீர்கள். வெகுநேரம் இல்லை. நூறு எண்ணுகிற நேரம், கூடிப்போனால் இருநூறு. பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு தண்ணீரில் விட்டேன். வாலை ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனது. எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஒரு நல்ல காரியம் செய்துவிட்டாற்போல.

நிமிர்ந்து குஞ்சுப் பக்கம் பார்த்தால், அந்த இடத்தில் ஜிலேபிக் கெண்டை கொதிக்கிறது சார். அரிசி போட்டாற்போல. அவை அதுவரைக்கும் எங்கேயோ எட்டத்தில் காத்துக்கொண்டு நின்றிருக்கின்றன, காவல் நகரட்டும் என்று. இருநூறு எண்ணுகிற நேரம் போதும் அவற்றுக்கு. அந்த மீன் திரும்பி வந்து விரட்டியது. இங்கே அடித்தது, அங்கே அடித்தது. எல்லாம் ஓடின. ஓடியபிறகு பார்த்தால் சிவப்பே இல்லை. ஒரு பொட்டுக்கூட இல்லை.

அது போகவில்லை. அங்கேயே சுற்றியது. இல்லாத குஞ்சைச் சுற்றி வட்டம் போட்டது. சுற்றிவிட்டு மேலே வரும், மூச்சு வாங்கும், மறுபடி இறங்கிச் சுற்றும். நான் மூன்று நாள் வந்து பார்த்தேன். மூன்று நாளும் சுற்றியது. நாலாம் நாள் வர எனக்குத் தைரியம் இல்லை.

இப்போதும் கண்ணை மூடினால் அந்த வட்டம் வரும். சோறு தின்னும்போது வரும். தட்டில் விரல் வைத்து வட்டம் போட்டுக்கொண்டிருப்பேன், எனக்கே தெரியாது.

இந்த ஆனி மாதம் பெனிட்டா என்று ஒரு பெண் வந்தாள், தூத்துக்குடிப் பக்கம், மீனைப் பற்றிப் படிக்கிறவள். ஊரில் யாரோ என்னைக் கைகாட்டிவிட்டிருக்கிறார்கள். பழைய போட்டி போட்டோ எல்லாவற்றையும் எடுத்துக் காட்டினேன். பெருமையாகத்தான் காட்டினேன். வருஷவாரியாகத் தரையில் அடுக்கினாள். அடுக்கிவிட்டு ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு கேட்டாள், "அய்யா, இதெல்லாம் குஞ்சோட நின்னப்ப பிடிச்சதா?"

உலகம்மாள் கேட்டது போலவே கேட்டாள். இந்தத் தடவை நான் ஆமாம் என்றேன்.

"குஞ்சுக்குக் காவல் நிக்கிற குணம் எல்லா மீனுக்கும் ஒண்ணு போல இருக்காது அய்யா. சிலது உசிரே போனாலும் நிக்கும். சிலது லேசா மிரண்டாலே ஓடிரும். நீங்க முப்பது வருஷமா நின்னதை மட்டும் எடுத்துட்டீங்க. அதோட குஞ்சையும் மத்த மீன் தின்னுருச்சு. ஓடினது பிழைச்சுக்கிட்டு, கூட ரெண்டு வருஷம் குஞ்சு பொரிச்சுது. ஓடின மீனோட குணம்தான் குளத்துல தங்கிருச்சு. மீனுக்குப் பாசம் போகல. பாசம் இருந்ததை நீங்க குடத்துக்கு வாங்கிட்டீங்க."

அதட்டிச் சொல்லவில்லை. கணக்கு வாத்தியார் விடை சொல்வது போலச் சொன்னாள். நான் ஒருவன் மட்டுமா பிடித்தேன் என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. கேட்கவில்லை.

"தாய்மீன் அப்படி நிக்கும்னு எனக்குத் தெரியும்மா" என்று மட்டும் சொன்னேன்.

அவள் சிரித்தாள். "தாய் இல்ல அய்யா. ரெண்டும் நிக்கும், ஆனா கடைசி வரைக்கும் நிக்கிறது பெரும்பாலும் தகப்பன்தான். நீங்க பிடிச்சதுல முக்கால்வாசி தகப்பனாத்தான் இருக்கும்."

முப்பது வருஷமாக நாங்கள் எல்லாரும் தாய் தாய் என்றே சொல்லிக்கொண்டிருந்தோம். ஒருவனுக்கும் சந்தேகம் வரவில்லை. அவள் போனபிறகு அந்தப் போட்டோக்களை எடுத்து உள்ளே வைக்கவே இல்லை, தரையிலேயே கிடந்தன. சாயங்காலம் வரைக்கும் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அன்றைக்குச் சொர்ணத்துக்குப் போன் போட்டேன். எடுத்தாள். "என்னப்பா, உடம்புக்கு என்ன?" என்றாள். ஒன்றுமில்லை என்றேன். "சும்மால்லாம் கூப்பிட மாட்டீங்களே" என்றாள். சும்மாதான் என்றேன். டூட்டிக்கு நேரமாகிறது என்று வைத்துவிட்டாள். ஏன் கூப்பிட்டேன் என்று எனக்கே தெரியாது.

இப்போது இதற்கு வருகிறேன். அங்கே பாருங்கள். மடைக்கல்லுக்கு இந்தப் பக்கம், பச்சைத் தண்டு ஒன்று சாய்ந்து கிடக்கிறதே, அதற்கு இரண்டு முழம் தள்ளி. தூறல் போடுகிறாற்போல. தெரிகிறதா. இறங்கிவிட்டது. இருங்கள், மறுபடி வரும். வந்துவிட்டது பாருங்கள், சிவப்பாக.

பதினொரு நாள் ஆகிறது. விடிந்ததும் வந்துவிடுவேன், வெளிச்சம் போகிற வரைக்கும் இருப்பேன். கொக்கு வந்தால் மண்கட்டியை எறிவேன். கெண்டை கூடுகிறாற்போலத் தெரிந்தால் ஒரு குச்சியால் தண்ணீரை அடிப்பேன். குஞ்சு அவ்வளவாகக் குறையவில்லை. அது என்னாலா, கீழே ஒருவன் நிற்பதாலா, எனக்குத் தெரியாது. போன வருஷத்து மீனே திரும்பி இங்கே குஞ்சு பொரித்திருக்கலாம் என்று ஒரு நினைப்பு. இருக்கலாம் சார். இரண்டு கிலோ மீன், காயம் இல்லாமல் விட்டேன், எங்கே போயிருக்கும். இருந்தால் அந்த ரத்தம் அற்றுப்போகவில்லை என்று ஆகிவிடும். நான் மிச்சம் வைத்தேன் என்று ஆகிவிடும். இல்லையென்றால், இதுவும் ஓடினது போட்டுவிட்டுப் போன குஞ்சு.

தெரிந்துகொள்ள ஒரே வழிதான் உண்டு. குஞ்சுக்கு நடுவில் ஒரு தவளையைப் போட வேண்டும். அதை நான் செய்ய மாட்டேன். வீட்டில் தூண்டில் கம்பையே முறித்து அடுப்பில் வைத்துவிட்டேன்.

என்ன செய்கிறீர்கள் சார். எதற்கு உறையைப் பிரிக்கிறீர்கள். நான் இவ்வளவு சொல்லியும்.

முள்ளையா. இரண்டு முள்ளையும் வெட்டிவிட்டீர்களா. இங்கே கொடுங்கள், பார்க்கிறேன். ஆமாம். வெறும் ரப்பர்த் தவளைதான். மொழுமொழுவென்று இருக்கிறது. அடித்தாலும் வாயில் ஒன்றும் மாட்டாது.

வேண்டாம் சார்.

இல்லை, வேண்டாம். அடிக்காவிட்டால் நான் என்ன செய்வது.

நீங்கள் சொல்வதும் சரிதான். எட்டு நாள் கழித்துக் குஞ்சு கறுத்துப் பிரிந்துவிடும், அதற்குப் பிறகு எந்தக் காலத்திலும் தெரியாது. ராத்திரி தூங்காமல் கிடப்பது நான்தான். சரி. நான் தொட மாட்டேன், நீங்களே போடுங்கள். குஞ்சுமேல் விழக்கூடாது. அப்பால் போட்டு இழுத்து வாருங்கள். மெதுவாக. உட்கார்ந்தே போடுங்கள், நிழல் தண்ணீரில் விழக்கூடாது.

ம்.

வருகிறது. இன்னும் மெதுவாக. இப்போது நடுவில் இருக்கிறது. அங்கே நிறுத்துங்கள். ஒரு துடிப்புக் கொடுங்கள்.

இல்லை.

இன்னொரு தடவை போடுங்கள். முதல் தடவை சில மீன் பார்த்துக்கொண்டு நிற்கும். கொஞ்சம் இடப்பக்கம்.

இல்லை. அது குஞ்சு அசைவது. அது இல்லை.

மூன்றாம் தடவை. மூன்றாம் தடவைக்கு மேல் எந்தக் காவல் மீனும் பொறுக்காது. போடுங்கள். குஞ்சை உரசினாலும் பரவாயில்லை.

போதும் சார். நரம்பைச் சுற்றிக்கொள்ளுங்கள். போதும்.

ஒன்றும் சொல்லாதீர்கள். வெயில் ஏறிவிட்டது, ஒருவேளை ஆழத்தில் இருக்கும் என்று சொல்ல வருகிறீர்கள். இந்த ஒருவேளை எல்லாம் எனக்கும் தெரியும். கீழே ஆள் இல்லை. இந்தப் பதினொரு நாளும் நான் மட்டும்தான் இருந்திருக்கிறேன்.

பெனிட்டா போன வாரம் போனில் என்ன சொன்னாள் தெரியுமா. "நீங்க காத்துக் காப்பாத்தினா, ஓடின மீனோட குஞ்சுதான பெருகும் அய்யா, நல்லதா கெட்டதான்னு எனக்குச் சொல்லத் தெரியல" என்றாள். அவளுக்கே சொல்லத் தெரியவில்லை. யோசித்தால் அவள் பேச்சில் தப்பு இல்லை. நான் நிற்பதை எடுத்தேன், இப்போது ஓடியதை வளர்க்கிறேன். இரண்டு பக்கமும் இந்தக் குளத்துக்கு நான் செய்தது ஒன்றுதான்.

ஆனால் பாருங்கள், மேலே வந்துவிட்டது. மூச்சு வாங்குகிறது. எது போட்டுவிட்டுப் போனது, யாருடைய ரத்தம் என்றெல்லாம் அதற்கு என்ன தெரியும். ஓடியது பெற்றதாகவே இருக்கட்டும், குஞ்சு குஞ்சுதானே சார்.

நீங்கள் கிளம்புங்கள். பஸ்காரன் சில நாளில் நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிடுவான். நான் இருக்கிறேன், இன்னும் எட்டு நாள்தானே. போகிற வழியில் கொஞ்சம் மண்கட்டி கிடந்தால் இந்தப் பக்கம் தள்ளிவிட்டுப் போங்கள், குனிந்து எடுக்க இடுப்புக்கு முடியவில்லை. கொஞ்சம் பெரிதாகவே எடுங்கள். அதோ கல்மேல் நீர்க்காகம் வந்து உட்கார்ந்துவிட்டது.